பிஎச் குறைக்க எது: சிட்ரிக் ஆசிடா, பாஸ்பாரிக் ஆசிடா?

மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில் பிஎச் (அமில-கார அளவு) பெரும்பாலும் மேலேதான் ஏறும். செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் வழியாகக் காரத்தை வெளியே விடுவதால், 5.8-ல் வைத்த கரைசல் மெல்ல 6.5-ஐத் தாண்டும். அதற்கு மேல் போனால் இடிடிஏ (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பொருள்) வகை இரும்புச்சத்து நிலைக்காது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எனவே குறைக்க எதை ஊற்றுவது என்பதுதான் அன்றாடப் பிரச்சினை. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் பாஸ்பாரிக் ஆசிடுக்கு வந்துவிட்டேன்.

சிட்ரிக் ஆசிட் தூளாகக் கிடைக்கும், கையாளப் பயமில்லை. போட்டதும் பிஎச் இறங்கவும் செய்யும். ஆனால் இறங்கியது அங்கேயே நிற்காது. அது கரிமப் பொருள். தொட்டியிலும் வேரிலும் இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனி. அவை சிட்ரேட்டைத் தின்று முடித்ததும், ஆசிட் நீக்கிய பைகார்பனேட் (தண்ணீரில் கரைந்திருக்கும் காரப் பொருள்) திரும்பி வந்துவிடும், பிஎச்சும் கூடவே ஏறும். மறுபடி போடுவோம், மறுபடி ஏறும். தீனி கிடைத்த பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். வேரைத் தொட்டால் வழவழவென்று இருக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். வினிகரும் இதே கதைதான்.

பாஸ்பாரிக் ஆசிடை எந்த பாக்டீரியாவும் தின்று தீர்க்க முடியாது. தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டை அது கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. ஏர் ஸ்டோன் (தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் கல்) ஓடினால் அந்த வாயு சீக்கிரம் வெளியேறிவிடும். போன பைகார்பனேட் திரும்பி வருவதில்லை. அப்புறம் ஏறுவது செடியால் ஏறுவது மட்டுமே, அது நிதானமாக ஏறும். அடிக்கடி தொட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதே எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம். மிஞ்சும் பாஸ்பேட்டும் செடிக்குச் சத்துதான்.

நீர்க்கச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி அளக்க வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவசரப்பட்டு அதிகம் ஊற்றிவிட்டு, ஈடுகட்ட பிஎச்சை ஏற்றும் காரமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடை அடர்த்தியாக ஊற்றினால், அது விழும் இடத்தில் வெண்மையாகக் கலங்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகின்றன, அந்தச் சத்து வீண்.

தண்ணீரில் பைகார்பனேட் மிக அதிகம் என்றால் பாஸ்பாரிக் ஆசிட் நிறையத் தேவைப்படும், பாஸ்பரஸ் அளவுக்கு மீறிச் சேரும். அங்கே நைட்ரிக் ஆசிட் பொருத்தம், ஏனென்றால் அது விடுவது நைட்ரேட். எனக்கு அதில் பழக்கம் குறைவு. புகையும் அரிப்பும் கடுமை என்பதால் வீட்டுக்குள் வைக்கத் தயங்குகிறேன். உரத்தில் அம்மோனியத்தைச் சிறிது கூட்டினாலும் ஏற்றம் மட்டுப்படும்.

சிட்ரிக் ஆசிட் இன்னமும் என்னிடம் இருக்கிறது. ஒரு பயிர் முடிந்ததும் குழாயிலும் பம்பிலும் படிந்த வெள்ளை உப்பைக் கழுவ அதைத்தான் எடுக்கிறேன்.