மோட்டோ ஜி34 5ஜி: சிப்புல கை வைக்கல, ஸ்க்ரீன்ல வச்சுட்டாங்க

பன்னெண்டாயிரத்துக்குள்ள நல்ல போன் சொல்லுங்கன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், எது கொறஞ்சா உங்களுக்குப் பரவால்ல? ஏன்னா இந்த விலையில எல்லாமே நல்லா இருக்கற போன்னு ஒண்ணு கிடையாது, கம்பெனிக்காரன் எங்கயாவது ஒரு இடத்துல கை வச்சே ஆகணும், சில பேரு கேமராவுல வைப்பாங்க, சில பேரு டிஸ்ப்ளேல, நெறய பேரு நைசா ப்ராசஸர்ல, அதாவது போனோட மூளையா இருக்கற சிப்புல வச்சுட்டு பின்னாடி பெரிய பெரிய வட்டமா லென்ஸ் மாதிரி ஒட்டி அனுப்பிருவாங்க. கடையில கையில வாங்கிப் பாக்கறப்ப ப்ராசஸர் கண்ணுக்குத் தெரியாதுல்ல.

மோட்டோ ஜி34 இதுக்கு அப்படியே தலைகீழ். 2024 ஜனவரியில வந்துச்சு, அப்ப விலை 4ஜிபி ரேம் 10,999, 8ஜிபி 11,999, ரெண்டுலயும் ஸ்டோரேஜ் 128ஜிபி. அம்மாவுக்காக 8ஜிபி எடுத்தேன், அந்த பச்சைக் கலர், பின்னாடி லெதர் மாதிரி இருக்கும். அம்மாவுக்குத் தேவை வாட்ஸப், யூட்யூப், சீரியல், கரண்ட் பில் கட்ட ஜிபே, அப்புறம் சித்தியோட ஒரு மணி நேர வீடியோ கால். இதுல எதுவும் திக்காம திணறாம ஓடணும், அவ்ளோதான் என் கண்டிஷன்.

ஓடுது. காரணம் உள்ள இருக்கற ஸ்நாப்டிராகன் 695. இது 2021 கடைசியில வந்த சிப், பழசுதான், ஆனா பழசுங்கறதால மோசம் இல்ல. 2022ல ஒன்ப்ளஸ் நார்ட் சிஇ 2 லைட் 19,999க்கு வந்தப்ப அதுக்குள்ள இருந்தது இதே சிப்தான், அடுத்த வருஷம் நார்ட் சிஇ 3 லைட்லயும் இதான். இருபதாயிர ரூபா போனோட மூளைய பன்னெண்டாயிரத்துக்கு இறக்கியிருக்கான்னு வச்சுக்கங்க. 6 நானோமீட்டர்ல செஞ்சது, உள்ள வேலை செய்யற எட்டு கோர்ல ரெண்டு ஏ78ங்கற வேகமான கோர், இந்த ரெண்டு கோர்தான் ஆப் சட்டுன்னு திறக்கறதுக்கு காரணம். ஸ்டோரேஜும் யூஎஃப்எஸ் 2.2ங்கற வேகமான ரகம், இந்த விலையில பல போன்ல இன்னும் இஎம்எம்சிங்கற மெதுவான பழைய ரகத்த வச்சு ஓட்டறாங்க, அதுல ஒரு ஆப் அப்டேட் ஆகிட்டிருந்தாலே மொத்த போனும் இழுக்கும். இன்னொரு கூத்து சொல்றேன், 2024 நடுவுல ஸ்நாப்டிராகன் 6எஸ் ஜென் 3ன்னு ஒரு சிப்ப புதுசா விட்டாங்க, பாத்தா இதே 695தான், ஸ்பீட கொஞ்சம் ஏத்தி பேர மாத்தியிருக்காங்க. மோட்டோவே அத ஜி85ல போட்டு 17,999க்கு வித்துது. அதுல ஓஎல்இடி ஸ்க்ரீன் அது இதுன்னு வேற விஷயம் இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா வெறும் வேகத்துக்காக மட்டும் அந்த ஆறாயிரத்த சேத்துக் குடுக்காதீங்க.

சரி, கை வச்ச இடத்துக்கு வருவோம். ஸ்க்ரீன். ஆறரை இன்ச்சு, 120 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 120 தடவ படம் மாறும்)னு பெருசா போட்டிருப்பாங்க, ஆனா ரெசல்யூஷன் 720க்கு 1600, அதாவது எச்டி ப்ளஸ்தான், ஒரு இன்ச்சுக்கு 270 பிக்சல் கிட்ட வரும். ஃபுல் எச்டி ப்ளஸ் போன்ல இது 400 பக்கம் இருக்கும். வீடியோ பாக்கறப்ப பெருசா தெரியாது, கை தூரத்துல வச்சு சீரியல் பாக்கறவங்களுக்கு இது பிரச்சனையே இல்ல. எங்க தெரியும்னா காலையில குரூப்ல பேப்பர் பிடிஎஃப் வருமே, அத ஜூம் பண்ணாம ஒரு பக்கம் முழுசா வச்சுப் படிக்கப் பாருங்க, நம்ம எழுத்துல மேல இருக்கற புள்ளி, ணகர சுழி, ஐகாரக் கொம்பு எல்லாம் நெருக்கி நெருக்கி வருதா, அங்கதான் பிக்சல் பத்தாம விளிம்பு பிசுறடிக்கும். எழுத்து சைஸ பெருசா வச்சுப் படிக்கற வயசுக்காரங்களுக்கு இது தெரியவே தெரியாது, போன்லயே நாவல் படிக்கறவங்களுக்கு தெரியும். நீங்க ரெண்டாவது ரகம்னா இந்த போன் வேணாம், சாம்சங் எம்14 5ஜி பக்கம் போங்க, 2023ல 13,490க்கு வந்தது, அதுல ஃபுல் எச்டி ப்ளஸ், பேட்டரியும் 6000 எம்ஏஎச். ஆனா அது 206 கிராம், படுத்துட்டு பாத்தா மூஞ்சில விழறப்ப வெயிட்டு தெரியும், பாக்ஸ்ல சார்ஜரும் கிடையாது. மோட்டோ 180 கிராம்தான், சார்ஜர் உள்ளயே குடுத்திருக்கான்.

120 ஹெர்ட்ஸ பத்தி ஒரு வார்த்தை. ஸ்க்ரோல் வழுக்கிட்டு போகும், நல்லா இருக்கும், ஆனா அதுக்காக காசு குடுக்காதீங்க. என்னைக் கேட்டா 90 ஹெர்ட்ஸ் குடுத்துட்டு ஃபுல் எச்டி குடுத்திருக்கலாம், ஆனா டப்பா மேல 120ன்னு போட்டாத்தான் விக்குது போல.

கேமரா 50 மெகாபிக்சல், பக்கத்துல இன்னொன்னு இருக்கு 2 மெகாபிக்சல் மேக்ரோ, அது சும்மா ஒப்புக்குச் சப்பாணி. பகல்ல வெளிச்சத்துல எடுக்கற போட்டோ ஸ்டேட்டஸ் வைக்க தாராளமா போதும், கை ஆட்டத்த லென்ஸே சமாளிக்கற ஓஐஎஸ் கிடையாது, அதனால ராத்திரி கல்யாண மண்டபத்துல ஓடியாடற புள்ளைங்கள எடுக்கணும்னா இந்த விலை போன் எதையுமே நம்பாதீங்க. வீடியோ 1080பியோட நிக்கும், 4கே கிடையாது. இது மோட்டோ பண்ண கஞ்சத்தனம் இல்ல, 695 சிப்போட லிமிட்டே அதான், இருபதாயிரத்துக்கு வித்த அந்த ஒன்ப்ளஸ்லயும் 4கே வராது. ரீல்ஸ் எடுத்து போடறவங்க யோசிச்சுக்கங்க.

பேட்டரி 5000, அம்மாவுக்கு ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்குது, சித்தி கால் வந்த நாள்ல கூட. ஏத்தறது 18 வாட்ஸ்தான், மெதுவா ஏறும், தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் போட்டு எடுத்துடற ஆளுங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. ஸ்பீக்கர் மேல ஒண்ணு கீழ ஒண்ணு ரெண்டு, சமையக்கட்டுல குக்கர் விசில் அடிச்சாலும் சீரியல் வசனம் கேக்குது, ஒயர் ஹெட்செட் குத்த ஓட்டையும் இருக்கு. சிம் ட்ரேதான் ஹைப்ரிட், ரெண்டு சிம் போட்டா மெமரி கார்டு கிடையாது, ரெண்டுல ஒண்ணுதான்.

அம்மாவுக்கு இந்த போன்ல ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா, டார்ச். போன கையில புடிச்சு வெட்டற மாதிரி ரெண்டு தடவ கீழ ஆட்டினா டார்ச் எரியும், திரும்ப ஆட்டினா அணையும், ஸ்க்ரீன தொடவே வேணாம். மோட்டோ போன்ல பல வருஷமா இருக்கற விஷயந்தான். கரண்ட் போனப்ப நான் இன்வெர்ட்டர் ஸ்விட்ச தேடிட்டு இருக்கேன், அம்மா "தள்ளுடா"ன்னுட்டு ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு, ஹாலே வெளிச்சம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அத செஞ்சு காமிக்கறதுதான் இப்ப பொழுதுபோக்கு.

5ஜி பத்தி கேப்பீங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, ஜியோ 5ஜி தனியா அது பாட்டுக்கு ஓடற எஸ்ஏ, ஏர்டெல் 4ஜி மேல சவாரி பண்ற என்எஸ்ஏல ஆரம்பிச்சாங்க. விலைய கொறைக்கறேன்னு சில போன்ல ஒண்ண மட்டும் குடுக்கறாங்க, 2024 நவம்பர்ல 8,499க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜில எஸ்ஏ மட்டுந்தான், ஏர்டெல் சிம் வச்சிருந்தவங்களுக்கு அதுல 5ஜி வராதுன்னு கம்பெனியே சொல்லிருச்சு. ஜி34ல ரெண்டும் உண்டு. எந்த பட்ஜெட் 5ஜி போன் வாங்கினாலும் டப்பாவுல 5ஜின்னு இருக்கறத மட்டும் பாக்காம உங்க சிம்முக்கு வருமான்னு கேட்டுக்கங்க.

சாஃப்ட்வேர் சுத்தமா இருக்கு, கிட்டத்தட்ட வெறும் ஆண்ட்ராய்டு. ஆனா அப்டேட் விஷயத்துல கஞ்சம், ஆண்ட்ராய்டு 14ல வந்தது, 15 ஒண்ணுதான் தரேன்னாங்க, பாதுகாப்பு ஓட்டைய அடைக்கற செக்யூரிட்டி பேட்ச் மூணு வருஷம். மேல சொன்ன சாம்சங் ரெண்டு ஆண்ட்ராய்டு, நாலு வருஷ பேட்ச்னு சொல்லுச்சு. பேங்க் ஆப் வச்சிருக்கற போனுக்கு பேட்ச் முக்கியம், இப்ப 2027 ஜனவரி வரைக்குந்தான் கணக்கு, அதனால இனிமே புதுசா வாங்கறவங்க நல்லா விலை கொறஞ்சிருந்தா மட்டும் எடுங்க.

கடைசியா ரேம், இதுல மட்டும் சமரசம் பண்ணாதீங்க. ஜிபேல பணம் அனுப்பிட்டு இருக்கீங்க, நடுவுல ஒரு கால், பேசிட்டு திரும்ப வந்தா ஆப் முதல்லேந்து திறந்தா எப்படி இருக்கும், பணம் போச்சா போகலையான்னு கடை வாசல்ல முழிக்கணும். 4ஜிபி ரேம்ல ஆண்ட்ராய்டே பாதிக்கு மேல தின்னுட்டு மிச்சத்துக்கு இடம் பத்தாம பின்னாடி இருக்கற ஆப்ப மூடிரும், அதான் காரணம், 8ஜிபில அந்த நெருக்கடி இல்ல. ஆயிர ரூபா வித்தியாசத்துக்கு இதவிட நல்ல செலவு கிடையாது. 8ஜிபி ஸ்டாக் இல்லன்னா கடைக்காரர் "சார், 4ஜிபியே எடுத்துக்கங்க, ரேம் பூஸ்ட் ஆன் பண்ணா 8 ஆயிரும்"னு சொல்வார், அது ஸ்டோரேஜ்ல கொஞ்சம் எடத்த ரேம் மாதிரி காட்டறது, நிஜ ரேம் வேகத்துக்கு பக்கத்துலயே வராது. சரிங்கண்ணான்னு தலையாட்டிட்டு அடுத்த கடைக்கு நடங்க.