குடி மறக்க வைக்கிற சென்டர்ல அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் யாராச்சும் வீட்டு ஆள குடி நிறுத்தற சென்டர்ல சேக்கலாம்னு தேடிட்டு இருந்தா தயவு செஞ்சு இத முழுசா படிங்க. எங்க அண்ணன் உசுரு போயிட்டு வந்திருக்கு, அந்த ஆத்திரத்துலதான் எழுதறேன். சென்டர் பேர் போடல, போலீஸ்ல புகார் குடுத்திருக்கோம், இப்போதைக்கு பேர் வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

அண்ணன் லாரி டிரைவர். குடி பல வருஷமா உண்டு, ஆனா கடைசில காலைல எந்திரிச்ச உடனே ஒரு குவார்ட்டர் உள்ள போனாத்தான் கை நடுக்கம் நிக்கும்ங்கற நிலைமைக்கு வந்துட்டாரு. அண்ணி நெட்ல பாத்து ஒரு நம்பருக்கு கூப்பிட்டாங்க, அதுக்கப்புறம் அவங்களே விடாம கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா, நம்ம பசங்க வண்டில வந்து தூக்கிட்டு வந்துருவாங்க, மூணு மாச பேக்கேஜ், வெளிய வரும்போது பாட்டில பாத்தாலே ஓடுவாரு, கேரண்டி"ன்னு பேச்சு. வீட்டுக்கு வந்து தூக்கறதுக்கு தனி சார்ஜ். ராத்திரி நாலஞ்சு பேர் வந்து, தூங்கிட்டு இருந்த மனுசன அமுக்கி வண்டில ஏத்துனாங்க, புள்ளைங்க ரெண்டும் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துச்சுங்க. வந்ததுல டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல.

ஆபீஸ் ரூம்ல சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சர்ட்டிபிகேட். ஒண்ணு டிரஸ்ட் பதிவு பண்ணது, ஒண்ணு ஐஎஸ்ஓ, மிச்சமெல்லாம் விருது குடுத்த ஃபோட்டோ. டிரஸ்ட் யார் வேணா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் பதிவு பண்ணலாம்ங்க, அது வைத்தியம் பாக்கற லைசென்ஸ் கிடையாது. 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி இந்த மாதிரி ஆள உள்ள வெச்சு வைத்தியம் பாக்கற இடம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்த ஒரு பேப்பர்தான் அந்த சுவத்துல இல்ல. டாக்டர் எங்கன்னு கேட்டதுக்கு வாரத்துல ஒரு நாள் விசிட் வருவாருன்னாங்க.

முதல் மாசம் யாரும் பாக்கக்கூடாது, ஃபோனும் கிடையாது, பாத்தா மனசு எளகிடும்னு ரூல். ரெண்டு மூணு நாள் "நல்லா இருக்காரு, சாப்பிட்டாரு"ன்னே பதில் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நடு ராத்திரில அவங்களே கூப்பிட்டு "உங்க ஆளு ஓவரா நடிக்கிறாரு, வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க"ன்னாங்க.

போய் பாத்தா ஹால்ல தரையில கெடக்காரு. ரெண்டு கையும் துண்டால ஜன்னல் கம்பில கட்டியிருக்கு, நாக்க கடிச்சு வாயோரம் ரத்தம் காஞ்சு போயிருக்கு, லுங்கியெல்லாம் ஈரம். என்னைய யாருன்னே தெரியல. மேல சீலிங்க பாத்துட்டு "டேய், மழை வருது, தார்ப்பாய இழுத்துக் கட்டுடா"ன்னு கிளீனர் பையனுக்கு சத்தம் குடுத்துட்டே இருக்காரு, கட்டுன கையால கயித்த இழுக்கற மாதிரி இழுத்துட்டே இருக்காரு. பக்கத்துல கம்போட நிக்கிற வார்டன் யாருன்னா, போன வருஷம் அங்கயே பேஷண்டா இருந்தவராம். என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு கேட்டா அட்டைய காட்ட மாட்டேங்கறாங்க, எல்லாருக்கும் ராத்திரில ஒரே மாத்திரைதானாம்.

ஆம்புலன்ஸ்ல ஜி.எச்.க்கு கொண்டு போனோம். டூட்டி டாக்டரம்மா பாத்த உடனே சொல்லிட்டாங்க, இது நடிப்பு இல்ல, பல வருஷம் தினமும் குடிச்ச ஆளுக்கு திடீர்னு நிறுத்துனா வர்ற சிக்கல்னு. நிறுத்துன முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாள் வரைக்கும் புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், பிபி ஏறும், கவனிக்கலன்னா சாவு வரைக்கும் போகும். இதுக்கு மருந்து இருக்குங்க. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கற மாத்திரைய டாக்டர் அளவு பாத்து குடுத்து அப்புறம் கொறைச்சுட்டே வருவாங்க, ஈரல் கெட்டிருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி வேற மாத்திரை. கூடவே தயமின்னு பி1 ஊசி. அந்த ஊசி போடாம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா சில பேருக்கு மூளையே பாதிக்குமாம், ஞாபக மறதி நிரந்தரமா தங்கிடுமாம். அண்ணனுக்கு அங்க அந்த ஊசி ஒண்ணுகூட போடல.

அதனால நீங்க எந்த சென்டருக்குப் போனாலும் பெட் ஏசியா, யோகா உண்டா, சாப்பாடு எப்படின்னு கேக்கறத அப்புறம் வெச்சுக்கங்க. நடுராத்திரி ஃபிட்ஸ் வந்தா யார் பாப்பாங்க, நர்ஸ் இங்கயே தங்குறாங்களா, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி, சேக்கறதுக்கு முன்னாடி ரத்தம், ஈரல் டெஸ்ட் எடுப்பீங்களா, இத கேளுங்க. இதுக்கு நேரா பதில் வரலன்னா பணம் கட்டாதீங்க. மாநில மனநல ஆணைய பதிவு நம்பர வாங்கி, அது இன்னும் செல்லுபடி ஆகுதான்னும் பாருங்க.

இன்னொண்ணு, சொந்தக்காரங்க கையெழுத்து போட்டா போதும், மூணு மாசம் பூட்டி வெச்சுக்கலாம்னு சொல்றது பொய். நோயாளி சம்மதம் இல்லாம சேக்கணும்னா மனநல மருத்துவர் ஒருத்தரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியா நேர்ல பாத்து எழுதணும், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும்தான், மேல நீட்டிக்க தனி விதிமுறை. சங்கிலி போட்டு கட்டறது அடியோட தடை. 2001ல ஏர்வாடில மனநோயாளிங்கள வெச்சிருந்த காப்பகம் தீப்பிடிச்சப்போ சங்கிலில இருந்த 28 பேர் ஓட முடியாம கருகி செத்தாங்களே, அந்த ஊர் இருக்கிற மாநிலத்துலதான் இன்னும் துண்டால கட்டிட்டு இருக்காங்க, நெனச்சா வயிறு எரியுது.

கேரண்டி சொல்ற ஆள நம்பவே நம்பாதீங்க, திரும்ப குடிக்கிறது இந்த நோய்ல சகஜம், அதுக்கும் சேத்துத்தான் வைத்தியம். சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுங்கன்னு பொடி விக்கறவன பக்கத்துலயே சேக்காதீங்க. அந்தப் பொடில டைசல்ஃபிரம் (சரக்கு அடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து) மாதிரி ஏதாச்சும் இருந்து, அது உள்ள இருக்கும்போது அவரு தெரியாம சரக்கு குடிச்சிட்டா பிபி சரிஞ்சு உசுருக்கே ஆபத்து.

காசு இல்லையேன்னு இந்த மாதிரி எடத்துல மாட்டிக்காதீங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல இதுக்கு வைத்தியம் உண்டு, அண்ணன் அங்கதான் தேறி வந்தாரு. மத்திய சமூக நீதி அமைச்சக நிதில நடக்கற மறுவாழ்வு மையங்களும் இருக்கு, 14446ல கேட்டா பக்கத்துல எங்கன்னு சொல்லுவாங்க. மனசு விட்டுப் பேசணும்னா 14416, இலவசம். ஏ.ஏ.ன்னு (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குடிய விட நெனைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் தொணையா கூடற கூட்டத்துக்கு பைசா கிடையாது, அண்ணன் இப்ப போயிட்டு இருக்காரு.

அந்த சென்டர்காரங்க இன்னும் அவரு செல்போனையும் லைசென்ஸையும் தரல, மீதி பேக்கேஜ் பணத்த கட்டுனாத்தான் தருவோம்ங்கறாங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுத்தாச்சு, சென்னை மனநல ஆணையத்துக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டாச்சு. உங்க ஆளு இப்ப இந்த மாதிரி ஏதாச்சும் எடத்துல இருந்து, பாக்க விட மாட்டேங்கறாங்கன்னா ஃபோன்ல கெஞ்சிட்டு இருக்காதீங்க, இன்னைக்கே நேர்ல போங்க. அவர பாக்கறதும் ஃபோன்ல பேசறதும் சட்டம் குடுத்த உரிமை. கேட்ட தொறக்கலன்னா அங்க நின்னே 100க்கு அடிங்க.