ஸ்பிரிங் பூட்டில் லாக்பேக்: தூக்க வேண்டாம், திருத்தினால் போதும்

ஜாவா அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டில் வெப் ஸ்டார்ட்டரைச் சேர்த்ததுமே, லாக் எழுதும் லைப்ரரியான லாக்பேக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தூக்கிவிட்டு இன்னொரு லாக் லைப்ரரியான லாக்4ஜே 2 போடலாமா என்பது ஜாவா டீம்களில் ஓயாத பேச்சு. சாதாரண வெப் சர்வீஸுக்கு லாக்பேக் தாராளமாகப் போதும். ஆனால் வந்தபடியே விட்டுவைத்தால் அது கைவிடுகிற இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டுதான் புரொடக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோடில் எஸ்எல்எஃப்4ஜே-யை (லாக் லைப்ரரிகளுக்குப் பொதுவான முகப்பு) மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். லாக்பேக்கையும் இதையும் எழுதியவர் ஒருவரே, ஜெகி குல்ஜு. அதனால் இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு இணைப்பு ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) தேவையில்லை. செய்தியை + போட்டு ஒட்டாதீர்கள், {} வைத்து எழுதுங்கள்: டீபக் லெவல் அணைந்திருக்கும்போது ஸ்டிரிங் கட்டும் வேலையே நடக்காது. எக்செப்ஷனை முழுதாகக் கடைசி ஆர்கியுமென்டாகக் கொடுங்கள். அதன் மெசேஜை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஸ்டாக் ட்ரேஸ் போய்விடும். நள்ளிரவில் தேடப்போவது அதைத்தான்.

மோசமான பொறி அசிங்க் அப்பெண்டர். லாக் செய்திகளை ஒரு வரிசையில் வாங்கிவைத்து, தனி த்ரெட்டில் எழுதும் பகுதி அது. வேகம் கிடைக்கும் என்று எல்லோரும் போடுவார்கள். அதன் டீஃபால்ட்டை யாரும் படிப்பதில்லை. வரிசையில் இடம் 256 மட்டுமே. அதில் காலியிடம் 20 சதவீதத்துக்குக் கீழே போனதும், அதாவது சுமார் 205 செய்திகள் தேங்கியதும், ட்ரேஸ், டீபக், இன்ஃபோ ஆகிய மூன்று லெவல் செய்திகளையும் அது சத்தமில்லாமல் வீசிவிடும். வார்னும் எர்ரரும் மட்டும் தப்பும். ஒரு பேமென்ட் சர்வீஸில் டேட்டாபேஸ் இழுக்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைம்அவுட் எர்ரர்கள் ஸ்டாக் ட்ரேஸோடு குவியும், வரிசை நிரம்பும், அந்த நேரம் பார்த்து ‘ஆர்டர் பெறப்பட்டது’ என்ற இன்ஃபோ வரிகள் காணாமல் போகும். லாக்கைப் பார்ப்பவருக்கு ரிக்வெஸ்ட்டே வரவில்லை என்று தோன்றும். டிஸ்கார்டிங்த்ரெஷோல்டை 0 ஆக்குங்கள், க்யூசைஸை 8192 அளவுக்கு உயர்த்துங்கள். அதன் பிறகும் வரிசை நிரம்பினால் ரிக்வெஸ்ட் த்ரெட் காத்து நிற்கும். காத்திருப்பைவிட இழப்பு மேல் என்றால் மட்டும் நெவர்பிளாக்கை ட்ரூ ஆக்கலாம். லாக் வரியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் கோடின் வரி எண் கேட்டிருந்தால் அசிங்க்கில் கேள்விக்குறிதான் வரும். இன்க்ளூட்காலர்டேட்டாவை ஆன் செய்தால் எண் வரும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கால் ஸ்டாக்கைத் தோண்ட வேண்டியிருப்பதால் அசிங்க் போட்டதன் லாபம் கரைந்துவிடும்.

அடுத்தது டிஸ்க். பூட்டின் டீஃபால்ட், ஒரு ஃபைலுக்கு 10 எம்பி, மேக்ஸ்-ஹிஸ்டரி 7. இந்த 7 என்பது ஏழு ஃபைல் அல்ல, ஏழு நாள். ஒரே நாளில் 10 எம்பி ஃபைல்கள் எத்தனை வேண்டுமானாலும் பிறக்கலாம், ஏனென்றால் டோட்டல்-சைஸ்-கேப் 0, அதாவது வரம்பே கிடையாது. அதற்கு 2 ஜிபி என்றாவது ஒரு வரம்பு கொடுங்கள். கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் ஃபைலே வேண்டாம். கன்சோலுக்கு எழுதி, சேகரிப்பதை பிளாட்ஃபார்மிடம் விடுங்கள். ஜேசன் வடிவம் வேண்டுமென்றால், பூட் 3.4 முதல் ஸ்ட்ரக்சர்டு ஃபார்மட் செட்டிங்கில் ஈசிஎஸ் என்றோ லாக்ஸ்டாஷ் என்றோ (இரண்டும் ஜேசன் லாக் வடிவங்கள்) ஒரே வரி எழுதினால் முடிந்தது, தனி என்கோடர் தேவையில்லை.

செட்டிங் ஃபைலுக்கு லாக்பேக்-ஸ்பிரிங்.எக்ஸ்எம்எல் என்றே பெயர் வையுங்கள். வெறும் லாக்பேக்.எக்ஸ்எம்எல் என்றால் ஸ்பிரிங் எழுவதற்கு முன்பே அது படிக்கப்பட்டுவிடும். சூழலுக்கேற்ப செட்டிங்கைப் பிரிக்க உள்ளே எழுதிய ஸ்பிரிங்புரொஃபைல் டேக் வேலை செய்யாது. ஒரே வரி இரண்டு முறை வந்தால் அடிட்டிவிட்டியை (மேலுள்ள லாகரின் அப்பெண்டருக்கும் செய்தியை அனுப்பும் செட்டிங்) பாருங்கள்: தனி லாகருக்கு அப்பெண்டர் கொடுத்தவர் ஃபால்ஸ் போட மறந்திருப்பார்.

ரிக்வெஸ்ட் ஐடியை எம்டிசி-யில் (லாக் வரிகளோடு சேர வேண்டிய விவரங்களை வைக்கும் இடம்) வைப்பது நல்ல வழக்கம். அது த்ரெட்டோடு ஒட்டியது என்பதால், வேறு த்ரெட்டில் ஓடும் அசிங்க் மெத்தடுக்குள் போனதும் காலியாகிவிடும். அந்த வேலையைச் சுற்றிப் போடும் ஸ்பிரிங்கின் டாஸ்க்டெகரேட்டர் எழுதி நகலெடுத்துக் கொடுங்கள், ஃபைனலியில் கிளியர் செய்யுங்கள். கிளியர் செய்யாவிட்டால் த்ரெட் பூலில் முந்தைய கஸ்டமரின் ஐடி அடுத்தவரின் லாக்கில் ஏறும்.

லாக்4ஜே 2 எப்போது? லாக் எழுதுவதே உங்கள் சர்வீஸின் வேகத்தைப் பிடித்திழுக்கிறது என்று அளந்து பார்த்து உறுதியான பிறகு. அதன் அசிங்க் லாகர்கள் டிஸ்ரப்டர் என்ற தனி லைப்ரரியின் ரிங் பஃபரில் (வட்டமான வரிசை) ஓடுகின்றன. டீஃபால்ட் இடம் 2,62,144. லாக்பேக்கின் 256 எங்கே, இது எங்கே! ஆனால் டிஸ்ரப்டர் ஜாரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும், ஸ்டார்ட்டரில் வராது. மாற்றும்போது பூட்டின் லாகிங் ஸ்டார்ட்டரை எல்லா வழிகளிலிருந்தும் விலக்குங்கள். ஏதோ ஒரு டிபெண்டன்சி வழியாக அது திரும்ப நுழைந்தால், லாக்பேக் கிளாஸ்பாத்தில் இருக்கிறதே என்ற புகாரோடு அப்ளிகேஷன் எழ மறுக்கும்.

2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டையைச் சொல்லி இன்னும் லாக்4ஜே 2-ஐ ஒதுக்குபவர்கள் உண்டு. அதற்குக் காரணமான, செய்திக்குள் லுக்கப் செய்யும் (உள்ளே இருக்கும் குறியீட்டுக்கு மதிப்பைத் தேடி நிரப்பும்) வசதியையே 2.16-இல் நீக்கிவிட்டார்கள், புதிய வெர்ஷனை அதற்காக ஒதுக்குவது நியாயமில்லை. அப்போது டீஃபால்ட் லாக்பேக்கோடு இருந்த பூட் அப்ளிகேஷன்கள் அதில் சிக்கவில்லை என்பதும் உண்மை, ஓட்டை இருந்த கோர் ஜார் அவற்றில் இல்லை.

பூட் 2.7-இலிருந்து 3-க்குப் போகிறவர்கள் பழைய லாக்பேக் 1.2-ஐ, மேவன் என்ற பில்ட் கருவியின் பாம்.எக்ஸ்எம்எல்லில் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எஸ்எல்எஃப்4ஜே 2.0 பழைய லாக்பேக்கை அடையாளம் காணாது. வெர்ஷன் எண்ணைக் கையால் எழுதியிருந்தால் அழித்துவிட்டு, பூட் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேவனின் டிபெண்டன்சி ட்ரீயை ஓட்டி, லாக்பேக் கிளாசிக் ஒரே ஒரு வெர்ஷனாக, 1.4 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.