அசிட்ரோம் சாப்பிடுற அப்பாவுக்குப் பல்லு பிடுங்கணும்: மூணு இடத்துல கேட்டோம், மூணு பதில் வந்துச்சு

அப்பாவுக்கு 68 வயசு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துடுச்சு, 2010ல கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துல மைட்ரல் வால்வு மாத்தினாங்க, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்துல உருவாக்கின டிடிகே சித்ரா வால்வு, 1990லேர்ந்து மனுஷங்களுக்கு வெச்சுட்டு வர்ற உலோக வால்வு. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னுச்சுன்னா பக்கத்துல படுத்திருக்கிற நமக்கே டிக் டிக்னு கேக்கும். அந்த வால்வுல ரத்தம் உறையக் கூடாதுன்னு தினமும் சாயங்காலம் அசிட்ரோம், கூடவே சுகர் மாத்திரை.

இப்ப பிரச்சனை கீழ் கடைவாய்ப் பல்லு. ரெண்டு பல்லு உடைஞ்சு வெறும் வேரா நிக்குது, வீக்கம் வந்து வந்து போகுது, இட்லியைக் கூட ஒரு பக்கமா ஒதுக்கி முழுங்குறார். வால்வு இருக்கிறவருக்கு வாயில சீழ் இருக்கிறதே ஆபத்து, அந்தக் கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போய் உக்காந்துச்சுன்னா ஆளையே காலி பண்ணிடும். அதனால பிடுங்கலாமா வேணாமான்னு கேள்வியே இல்ல. எங்க, எப்படிங்கிறதுதான்.

முதல்ல தெரு முனை கிளினிக். பத்து வருஷப் பழக்கம், அம்மாவுக்குப் பல் செட் கட்டினதே அவர்தான், கை சுத்தம், காசும் நியாயம். அவர் சொன்னது, "அஞ்சு நாள் அசிட்ரோமை நிறுத்திட்டு வாங்க, ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு லெட்டரும் வாங்கிட்டு வந்துடுங்க, பத்து நிமிஷ வேலை." அதுவரைக்கும் வீக்கத்துக்குன்னு அமாக்சிசிலின், மெட்ரோஜில், வலிக்கு கீட்டோரால் எழுதிக் குடுத்தார். சீட்டை எடுத்துட்டு மெடிக்கலுக்குப் போனா கடைக்கார பாய் மாத்திரையை எடுத்து வெச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னார். "பாப்பா, அப்பா அசிட்ரோம் போடுறவராச்சே, அதோட இந்த ரெண்டும் சேருமா, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்"ன்னார். அவர் கேட்டது ரொம்ப சரி. மெட்ரோஜில் சேர்ந்தா அசிட்ரோமோட வேகம் ஏறிடும், ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு, கிடுகிடுன்னு மேல போகும். கீட்டோரால் மாதிரி வலி மாத்திரை வயித்துலயே ரத்தக்கசிவைக் கிளப்பும். பல் டாக்டர் பார்க்காம விட்டதை மருந்துக்கடையில பார்த்தாங்க.

அந்த அஞ்சு நாள் கணக்குல இன்னொரு கோளாறும் இருக்கு. அஞ்சு நாள்ங்கிறது வார்ஃபரினுக்குச் சொல்ற கணக்கு, அது அசிட்ரோமோட அதே குடும்பம்தான், ஆனா உடம்புல மெதுவா இறங்குற மருந்து. (வார்ஃபரின் முதல்ல எலி மருந்தா 1948ல கடைக்கு வந்துச்சு, அப்புறம் 1954லதான் மனுஷங்களுக்கு அனுமதி. அப்பாகிட்ட இதைச் சொன்னேன், ரெண்டு நாள் மாத்திரையை முறைச்சுப் பார்த்துட்டே போட்டார்.) அசிட்ரோம் சீக்கிரமே இறங்கிடும், ரெண்டு மூணு நாள்லயே பாதுகாப்பு போயிடும், அதுக்கப்புறம் மிச்ச நாளெல்லாம் உலோக வால்வு வெறும் ரத்தத்துல ஆடிட்டு இருக்கும். அதுவும் மைட்ரல் இடத்துல இருக்கிற வால்வு, உறையற வாய்ப்பு ஜாஸ்தி உள்ள இடம்.

ரெண்டாவது, பெரிய மல்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி, பல் பிரிவும் இதயப் பிரிவும் ஒரே பில்டிங். இங்க யாரும் அலட்சியமா பேசல, அதை ஒத்துக்கணும். அசிட்ரோமை நிறுத்திட்டு அட்மிட் பண்ணி, ரத்தம் உறையாம தடுக்குற ஹெபரின் ஊசி போட்டு, பிடுங்கற அன்னிக்கு ஊசியையும் நிறுத்தி, அப்புறம் திரும்ப ஊசி, திரும்ப மாத்திரை, ஐஎன்ஆர் பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் பெட்டுன்னு விளக்கமா சொன்னாங்க. எஸ்டிமேட் சீட்டைப் பார்த்துட்டு அம்மா தன் கையில கெடந்த வளையலைப் பார்த்தாங்க. பெரிய ஆபரேஷன்னா இந்த வழி சரிதான், வயித்தைத் திறக்கப் போறாங்கன்னா நானே அட்மிட் பண்ணியிருப்பேன். ரெண்டு வேருக்கு இது எதுக்குன்னு தோணுச்சு, ஆனா அப்படி வாய்விட்டுக் கேக்க அன்னிக்கு எனக்குத் தைரியம் வரல. வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அமெரிக்க இதய சங்கங்களோட வால்வு வழிகாட்டியே, 2014லயும் சரி 2020லயும் சரி, பல்லு பிடுங்கற மாதிரி ரத்தத்தை சுலபமா நிறுத்தக்கூடிய சின்ன வேலைக்கு மாத்திரையை நிறுத்தாதீங்க, ஐஎன்ஆர் இருக்க வேண்டிய அளவுல இருந்தா அப்படியே செய்யுங்கன்னுதான் சொல்லுது. பிரிட்டன்ல ஐஎன்ஆர் 4க்குக் கீழ இருந்தா மாத்திரையோடவே பிடுங்குறாங்க.

யோசிச்சுப் பாருங்க, வாயில ரத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியும், பஞ்சு வெச்சு அழுத்தலாம், தையல் போடலாம். வால்வுல ரத்தம் உறைஞ்சா வெளிய ஒண்ணும் தெரியாது, வால்வு சிக்கி மூச்சு வாங்குறப்பவோ, கட்டி மூளைக்குப் போய் ஒரு பக்கம் கை கால் விழுறப்பவோதான் தெரியும். எது மேல பயப்படணும்னு இதுக்கப்புறம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

மூணாவது, ஒரு பல் காலேஜ், அங்க ஓரல் சர்ஜரி டிபார்ட்மென்ட். அரைநாள் போயிடும், பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கும், ஒரே கதையை முதல்ல ஒரு ஸ்டூடண்ட்கிட்ட, அப்புறம் மேல்படிப்பு படிக்கிற பிஜி டாக்டர்கிட்ட, அப்புறம் புரொஃபசர்கிட்டன்னு மூணு தடவை சொல்லணும், அப்பா மூணாவது தடவை "பாப்பா நீயே சொல்லிடு"ன்னுட்டார். ஆனா அந்த பிஜி பொண்ணு கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, வாயை அப்புறம் பாக்கலாம், மாத்திரைப் பை எங்க?" பையை மேஜைல கொட்டி ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து கேஸ் ஷீட்ல எழுதுச்சு, 2010 டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி வால்வு எந்த இடத்துலன்னு பார்த்துச்சு. எங்க ஹார்ட் டாக்டர் லெட்டர்ல "ஃபிட் ஃபார் எக்ஸ்ட்ராக்‌ஷன்"னு ஒரே வரி, பல்லு பிடுங்கலாம்ங்கிறது மட்டும். அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லி, ஐஎன்ஆர் எவ்வளவுல வெச்சிருக்காங்க, முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் வேணுமா, பெனிசிலின் அலர்ஜி உண்டான்னு தனித்தனியா கேள்வி எழுதி திருப்பி அனுப்புச்சு. எரிச்சலா இருந்துச்சுதான், இன்னொரு நாள் போச்சு.

செவ்வாய்க்கிழமை காலைல வரச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடுங்கினா சனி ஞாயிறு ரத்தம் வந்தா யாரும் இருக்க மாட்டாங்கன்னு காரணம். சாப்பிட்டுட்டு, சுகர் மாத்திரையும் போட்டுட்டு வாங்கன்னாங்க, வெறும் வயித்தோட சுகர்காரரை நாற்காலில உக்கார வைக்கறது இல்லையாம். அங்கேயே ஐஎன்ஆர் பார்த்தாங்க, 2.9. அமாக்சிசிலின் 500ல நாலு கேப்சூல் ஒரே நேரத்துல, அதாவது 2 கிராம், போட்டு முக்கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க. இது உலோக வால்வு மாதிரி ரிஸ்க் ஜாஸ்தியா உள்ளவங்களுக்கு மட்டும்தான், இதயத்துல ஏதோ இருக்குன்னாலே எல்லாரும் விழுங்குற மருந்து கிடையாது, 2007லயே அந்தப் பழக்கத்தைக் குறைச்சுட்டாங்க. பிடுங்கினது என்னவோ கால் மணி நேரம்தான். குழியில ஜெல் பஞ்சு வெச்சு தையல் போட்டு, ரத்தக்கசிவை நிறுத்துற ட்ரானெக்சாமிக் ஊசி மருந்துல நனைச்ச காஸ் துணியைக் கடிச்சுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் அங்கேயே உக்கார வெச்சுப் பார்த்துட்டுதான் அனுப்பினாங்க. வலிக்கு டோலோ மட்டும். சாயங்கால அசிட்ரோமை வழக்கம் போல போடச் சொன்னாங்க, கேட்டப்ப எனக்கே கை நடுங்குச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு தலகாணி உறையில ரோஸ் கலர்ல திட்டு. எச்சிலோட கலந்த ரத்தம் பார்க்க வாளி வாளியா வந்த மாதிரி இருக்கும், அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க குடுத்து விட்ட காஸை மடிச்சு வெச்சு அரை மணி நேரம் கடிச்சுட்டு இருந்தார், நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, துப்பவும் கூடாது. நின்னுடுச்சு. காலைல ஆறின கஞ்சி குடிச்சுட்டு பேப்பர் படிச்சுட்டு இருந்தார்.

அப்ப கிளினிக்கே போகக் கூடாதான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுக்க, செட் கட்ட, சொத்தையை அடைக்க நாங்க இன்னிக்கும் அங்கதான் போறோம். பல்லு க்ளீன் பண்றதுக்கு மட்டும் அப்பாவுக்கு இதே நாலு கேப்சூல் முன்கூட்டியே வேணும், ஈறுல கை வைக்கிற வேலையாச்சே. கிளினிக்ல லேப் கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஷட்டர். ரத்தம் கொட்டுற வேலைக்கு அது ஒத்து வராது, அவ்வளவுதான். அரசு இடம்னா சென்னையில 1953ல தொடங்கின அரசு பல் மருத்துவக் கல்லூரி ஃபோர்ட் ஸ்டேஷன்கிட்ட இருக்கு, ஜிஹெச்சும் பக்கம்தான், புதுக்கோட்டையில 2023ல புதுசா ஒண்ணு வந்திருக்கு. செலவுதான் முதல் கவலைன்னா அங்க போங்க. பெரிய ஆஸ்பத்திரி எப்பன்னா, இதயமே பலவீனமா, மூச்சு வாங்கிட்டு இருக்கிறவர்னா, ஐஎன்ஆர் ஒரு நிலையிலேயே நிக்காதவர்னா, காசைப் பார்க்காம அங்கதான் போகணும்.

மத்த வியாதிக்காரங்களுக்குக் கணக்கு மாறும். டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு டயாலிசிஸ் பண்ண மறுநாள்தான் நல்ல நாள், அன்னிக்கே போனா ஹெபரின் இன்னும் ரத்தத்துல இருக்கும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச இடம்) இருக்கிற கையில பிபி பட்டை சுத்த விடாதீங்க. ஸ்டென்ட் வெச்சு, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை போடுறவங்க ரெண்டையும் தானா நிறுத்தவே கூடாது. வாய்ப் புத்துநோய்க்கு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கப் போறாங்கன்னா, எடுக்க வேண்டிய பல்லை அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எடுத்துடணும், கரண்ட் வெச்ச தாடையில அப்புறம் பிடுங்கினா எலும்பு ஆறாம கெட்டுப் போகலாம். எலும்புக்கு சோலெட்ரானிக் ஊசி போட்டவங்களுக்கும் இதே பயம். இவங்க யாருக்கும் தெரு முனை கிளினிக் முதல் இடம் இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

எங்க அப்பாவுக்கு மேல இன்னொரு பல்லு ஆடுது. அடுத்த மாசம் ஐஎன்ஆர் பாக்குற அன்னிக்கே முடிச்சுடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. அவர்தான், "அது பாட்டுக்கு ஆடிட்டுப் போகட்டும் பாப்பா, மறுபடி மூணு தடவை கதை சொல்ல என்னால ஆகாது"ங்கிறார்.