பிக்கப் பம்பர்: இரும்பா, அலுமினியமா?

டொயோட்டா டகோமா பிக்கப்புக்கு ஆஃப்ரோடு (கரடுமுரடான பாதைக்கான) பம்பரைச் சொந்தமாக அடித்து மாட்ட நினைப்பவர்கள் தடுமாறுவது இதில்தான்.

எடை: ஒரே அளவு, ஒரே தடிமனில் அலுமினியம், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வலுவுக்காகத் தகட்டைத் தடிமனாகப் போடுவதால் இந்த எடை லாபம் குறையும். இரும்போடு வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்) சேர்ந்தால் வண்டி மூக்கு தாழும். முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டிவரும்.

வெல்டிங்: இரும்புக்குச் சாதாரண மிக் மெஷினே (கம்பி தானாக ஊட்டும் வெல்டிங்) போதும். அலுமினியத்துக்குப் பெரும்பாலும் ஆர்கான் வாயு, டிக் மெஷின் (டங்ஸ்டன் முனை வெல்டிங்), முக்கியமாகப் பழகிய கை. செலவு எகிறுவது இங்கேதான்.

அடி: பாறையில் மோதினால் இரும்பு வளையும், சூடேற்றித் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியம் விரிசல் விட்டால் மறுபடி டிக் ஆளைத் தேட வேண்டும்.

துரு: பெயின்ட் உரிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் தொடுமிடம் உப்புநீரில் அரிக்கும்.

எதுவானாலும் பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேஸிஸில்தான் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட வேண்டும்.

பாறை ஏறுபவருக்கு, முதல்முறை வெல்டிங் பிடிப்பவருக்கு இரும்பு. நெடுஞ்சாலையிலேயே அதிகம் ஓட்டுபவருக்கு, கையில் காசிருந்தால், அலுமினியம்.