டாட் ஐஓ முகவரியோடு எட்டு வருடம்

மொரீசியஸின் எபேன் சைபர் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், 2017 தொடக்கத்தில், என் முதல் டாட் ஐஓ (.io) டொமைனை, அதாவது இணைய முகவரியை, வாங்கினேன். மொரீசியஸ் கோவில்களின் தைப்பூசக் காவடி, தீமிதி, கொடியேற்ற நாள்களைத் தொகுத்துத் தரும் சின்னத் தளம் அது. காவடிக்கு இங்கே பத்து நாள் விரதம் இருப்பார்கள். எந்தக் கோவிலில் என்றைக்குக் கொடி ஏறுகிறது, எத்தனை மணிக்குக் காவடி புறப்படுகிறது என்று தேடி அலையாமல் ஒரே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். விருதுநகரிலிருந்து வந்த எனக்கு இந்த ஊர் கொடுத்த அன்புக்கு, நான் செய்ய முடிந்தது இது.

டாட் காமில் நான் கேட்ட பெயர் கிடைக்கவில்லை. டாட் ஐஓவில் கிடைத்தது. அந்த நாளில் புரோகிராமர்கள் எதைத் தொடங்கினாலும் டாட் ஐஓவில்தான் தொடங்கினார்கள். ஐ என்றால் இன்புட், உள்ளீடு. ஓ என்றால் அவுட்புட், வெளியீடு. கணினிக்காரன் கண்ணுக்கு அது அழகான பெயர். முதல் வருடம் 32 டாலர் கட்டினேன். இப்போது புதுப்பிக்க 60 டாலருக்கு மேல் ஆகிறது. டாட் காம் வைத்திருக்கும் நண்பர்கள் இதில் கால் பங்குகூடக் கட்டுவதில்லை.

இந்த எட்டு வருட அனுபவத்தைச் சொல்கிறேன். முதலில் தொழில்நுட்பம். வாங்கிய சில மாதங்களில், 2017 ஜூலையில், ஒரு செய்தி வந்து வயிற்றைக் கலக்கியது. எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று வழி காட்டி டாட் ஐஓ முழுவதையும் தாங்கும் ஏழு நேம் சர்வர்களில் நான்கின் பெயர்கள் யாரும் பதிவு செய்யலாம் என்ற நிலையில் கிடந்திருக்கின்றன. மேத்யூ பிரையன்ட் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அவற்றைச் சாதாரண டொமைன் மாதிரியே காசு கொடுத்து வாங்கிவிட்டார். அவர் நல்லவர், தகவல் சொல்லித் திருத்த வைத்தார். கெட்டவன் கையில் சிக்கியிருந்தால் டாட் ஐஓ தளங்களுக்குப் போகிறவர்களை நினைத்த இடத்துக்குத் திருப்பியிருக்கலாம். அதற்குப் பிறகு என் தளம் டாட் ஐஓவால் படுத்ததாக நினைவில்லை. வேகத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

நான் பட்ட பெரிய அவதி ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைனை விற்றுப் புதுப்பித்துத் தரும் நிறுவனத்திடம். மூன்றாம் வருடம் என் கடன் அட்டை காலாவதியாகியிருந்தது. பணம் எடுக்க முடியவில்லை என்ற அஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போய்விட்டது. விரதம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது தளம் காணாமல் போனது. மீட்க அபராதத்தோடு மூன்று மடங்கு கேட்டார்கள். கட்டினேன். தளம் முடங்கிக் கிடந்த மூன்று நாளில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை இன்னும் மறக்கவில்லை. "தம்பி, கொடி என்னைக்கு ஏறுது?" என்று க்வாத்ர் போர்னிலிருந்து ஒரு பாட்டி இரவு பத்து மணிக்குக் கேட்டார். டொமைன் வைத்திருப்பவர்கள் காலாவதி நாளைச் சொந்த நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அவர்கள் அனுப்பும் அஞ்சலை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் மொரீசியஸுக்கே உரியது. தொலைபேசியில் முகவரி சொல்லும்போது இங்கே பலர் எழுத்துகளைப் பிரெஞ்சு முறையில்தான் உச்சரிப்பார்கள். ஐ என்ற எழுத்து அவர்கள் வாயில் "ஈ" ஆகிவிடும். ஒருவர் "ஈ ஓ" என்று சொல்ல, ஆங்கில வழக்கத்தில் கேட்பவர் வேறு எழுத்தைத் தட்டுவார், பக்கம் வராது. கோவில் அறிவிப்புப் பலகையில் அச்சடித்தபோதும் வம்பு. அந்த எழுத்துருவில் பெரிய எழுத்து ஐயும் எண் ஒன்றும் ஒரே கோடு. பெரியவர் ஒருவர் அதைப் பத்து என்றே படித்தார். கடைசியில் பலகையில் க்யூஆர் குறியை ஒட்டினோம். அதற்கப்புறம் தொல்லை பாதியாகக் குறைந்தது.

இனி 2024 அக்டோபர் 3. அன்று சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீசியஸிடம் ஒப்படைக்கப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரே ஆரவாரம். ரோஸ் ஹில்லில் பிறந்த நண்பர்கள் மேசையைத் தட்டினார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் பேச்சு டொமைனுக்குத் தாவியது. ஏனென்றால் ஐஓ என்பது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் தீவுகளுக்கு, ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் பட்டியலில் உள்ள நாட்டுக் குறியீடு. பிரதேசம் போனால் குறியீடு போகும். குறியீடு போனால் டொமைனும் போகும்.

கரூர்த் தம்பி ஒருவன்தான் ஆரம்பித்தான். "அண்ணே, இனி அது டாட் ஐஓ இல்ல, டாட் ஐயோ!" அறையே சிரித்தது. தமிழ் தெரியாத மொரீசியஸ்காரர்களும் சிரித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. மொரீசியஸ் கிரியோல் பேச்சில் "ஐயோ" என்பது அன்றாடச் சொல். கால் இடறினால், பஸ் போய்விட்டால், விலை கேட்டால், எல்லாவற்றுக்கும் "ஐயோ"தான். கரும்புத் தோட்டங்களில் உழைத்த மக்களோடு கலந்துபோன சொல். அதனால் அந்தச் சிலேடைக்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு நகைச்சுவை நிற்கவில்லை. உள்ளீடு பிரிட்டனுக்கு, வெளியீடு மொரீசியஸுக்கு என்று பாகம் பிரித்தார் ஒருவர். யுகோஸ்லாவியா சிதறிய பிறகும் டாட் ஒய்யூ 2010 வரை ஓடியதை இன்னொருவர் நினைவுபடுத்தினார். சோவியத் யூனியன் 1991-இலேயே கலைந்தும் டாட் எஸ்யூ இன்றுவரை உயிரோடு இருக்கிறதே, செத்தவருக்கு இன்னும் வாடகை வசூலாகிறதே என்றான் தம்பி. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். தொழில் செய்திகளை வைத்து இப்படிச் சேர்ந்து சிரிப்பது எனக்குப் பிடிக்கும். பகலெல்லாம் தனித்தனித் திரையைப் பார்க்கிறவர்களை ஒரு மேசைக்கு இழுத்து வருவது அந்தச் சிரிப்புதான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கீழ்த்தளப் பாதுகாவலர் "மேலே என்ன அவ்வளவு சத்தம்?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தினமும் வணக்கம் சொல்லிப் பழக்கம். நான் டாட் ஐயோ கதையைக் கிரியோலில் சொன்னேன். அவர் சிரித்தார், முழுதாக இல்லை. "ஐயோ மாமா" என்றார். கிரியோலில் மாமா என்றால் அம்மா. அம்மாவைக் கூப்பிடுகிற வழக்கமான வியப்புச் சொல் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "அங்கேதான் என் அம்மா பிறந்தார். பெரோஸ் பான்யோஸ் தீவு."

அன்றைக்கு மெட்ரோவை விட்டுவிட்டு அவரோடு அரை மணி நேரம் நின்றேன். அம்மா கொப்பரைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் ஏற்றிப் போர்ட் லூயியில் இறக்கியபோது கையில் ஒரு பெட்டிதான் இருந்ததாம். ரோச் புவாவில் தகரக் கொட்டகையில் வளர்ந்தார் இவர். வெயிலில் கொப்பரை காயும் வாசனை எங்கேயாவது வந்தால் அம்மா நின்றுவிடுவார். சாகும்வரை அப்படித்தான் என்றார். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமல் மடித்து மறுபடி வைத்துக்கொண்டார்.

நான் அந்த வரலாற்றைக் கேள்விப்பட்டிருந்தேன். என் டொமைனோடு சேர்த்து யோசித்ததில்லை. 1965-இல், விடுதலைக்கு மூன்று வருடம் முன்பு, பிரிட்டன் சாகோஸைத் தனியே பிரித்து மொரீசியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. சாகோஸின் பெரிய தீவான டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேர். சொந்த மக்கள் இல்லாத அந்தத் தீவுகளுக்கான டொமைன் 1997-இல் தனியார் ஒருவர் கைக்குப் போனது. அதை நடத்திய நிறுவனத்தை 2017-இல் அஃபிலியாஸ் என்ற டொமைன் நிறுவனம் 7 கோடி டாலருக்கு வாங்கியது. நான் 32 டாலர் கட்டிய அதே வருடம். டாட் ஐஓவில் வரும் பணம் தங்களுக்கு வருவதில்லை என்று சாகோஸ் மக்களின் அமைப்புகள் சொல்லிவருகின்றன. பாதுகாவலரின் அம்மாவுக்கு அந்தக் காசில் ஒரு ரூபாய்கூட வந்ததில்லை.

தமிழர்கள் நாம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் கனடாவுக்குக் கடல் வழியே புறப்பட்ட இலங்கைத் தமிழர்கள் படகு பழுதாகி டியகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகளோடு மூன்று வருடம் கூடாரங்களில். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அதே மாதம் சொன்னது. நாங்கள் டாட் ஐயோ என்று சிரித்த அந்த மாலையில் அவர்கள் அந்தக் கூடாரங்களில் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. சிரித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. யாருடைய பெயரை வைத்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, டாட் ஐஓ வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? பதற வேண்டாம். தீவுகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே 22-இல் கையெழுத்தானது, ஆனால் கையெழுத்தால் மட்டும் டொமைன் மறைவதில்லை. ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து குறியீடு நீக்கப்பட்டால்தான், உலக டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதன் விதிப்படி ஐந்து வருட அவகாசம். தேவைப்பட்டால் இன்னும் ஐந்து வரை நீட்டலாம். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் டாட் ஐஓவைப் பரிந்துரைக்க மாட்டேன். விலை அதிகம், எதிர்காலம் தெளிவில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் இப்போதே இன்னொரு பெயரை வாங்கி இரண்டையும் ஒரே தளத்துக்குக் காட்டுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள். தளத்தைத் திருப்பிவிடுவது ஒரு மணி நேர வேலை. உங்கள் பழைய அஞ்சல் முகவரியை வைத்து நீங்கள் திறந்த கணக்குகளைத் தேடி மாற்றுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். எனக்கு 41 கணக்குகள் இருந்தன.

நான் டாட் எம்யூவில் ஒரு பெயர் எடுத்திருக்கிறேன். மொரீசியஸின் சொந்தக் குறியீடு அது. காவடி நாள் சொல்லும் தளத்துக்கு அதுதான் பொருத்தம். கோவில் பலகைகளில் புது முகவரி ஒட்டியாகிவிட்டது. டாட் ஐஓவை இந்த முறை ஒரே ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், பழைய பலகை எங்காவது மிச்சம் இருந்தால் வழி தவறக் கூடாதே என்று. டாட் ஐஓவின் எதிர்காலம் எப்படி ஆனாலும், அதிலிருந்து வரும் காசில் சாகோஸ் குடும்பங்களுக்குப் பங்கு போக வேண்டும் என்பது என் ஆசை. மொரீசியஸ் அரசு அதைப் பேசும் இடத்தில் பேச வேண்டும்.

தளத்தின் அடிப்பக்கத்தில் தமிழிலும் கிரியோலிலும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: இந்த முகவரியின் ஐஓ எந்தத் தீவுகளுடையது, அங்கிருந்த மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று. வெளியிடுவதற்கு முன் கைப்பேசியில் பாதுகாவலரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார். அவர் அம்மாவின் தீவின் பெயரைக் கிரியோலில் ஓர் எழுத்து தப்பாக எழுதியிருந்தேன். விரலால் தொட்டுக் காட்டினார். அங்கேயே நின்று திருத்தினேன்.