விண்டோ ஏசியா, ஸ்பிளிட்டா: மாட்டுகிற வேலையை வைத்து ஒரு கணக்கு

சித்திரை பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: விண்டோ போடலாமா, ஸ்பிளிட் போடலாமா? விலையையும் ஸ்டாரையும் வைத்தே எல்லோரும் யோசிக்கிறார்கள். சென்னையில் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளும் நான், மாட்டுகிற வேலையை வைத்து யோசிக்கச் சொல்வேன். விண்டோ ஏசி முழு மெஷினாக வீட்டுக்கு வருகிறது. ஸ்பிளிட் பாதி மெஷினாகத்தான் வருகிறது. மீதிப் பாதியை உங்கள் மொட்டைமாடியில், உச்சி வெயிலில், அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு மெக்கானிக் செய்து முடிக்கிறார்.

விண்டோவில் கேஸ் ஏற்றிச் சீல் வைப்பது வரை ஃபேக்டரியிலேயே முடிந்துவிடும். மாட்ட வருபவர் அந்தப் பக்கமே போவதில்லை. ஸ்பிளிட்டில் உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் செம்புக் குழாய். குழாயின் நுனியைப் புனல் மாதிரி விரித்து நட் போட்டு முறுக்க வேண்டும். அது கொஞ்சம் கோணினாலும் கேஸ் கசியும். அப்புறம் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் வைத்துக் கால் மணி நேரமாவது உறிஞ்ச வேண்டும். போன வீட்டில் எனக்கு ஸ்பிளிட் மாட்டியவரிடம் பம்ப் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம், நட்டை மூடினார், வேலை முடிந்தது. அன்றைக்கு அறை ஜில்லென்றுதான் இருந்தது. அடுத்த ஏப்ரலில் வெறும் ஃபேன் காற்று. இப்போது பெரும்பாலான ஸ்பிளிட்களில் இருக்கும் ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விண்டோவில் சிக்கலே இல்லையா? இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சிக்கல். ஆசாரி, வெல்டர், கொத்தனார் வேலை. 1.5 டன் மெஷின் (டன் என்பது எடையில்லை, குளிர்விக்கும் திறன்) சுமார் 50 கிலோ கனக்கும். அதைத் தாங்க மரச்சட்டமும் வெளியே ஆங்கிள் ஸ்டாண்டும் வேண்டும். நம் ஜன்னல்களில் இரும்புக் கிரில் இருப்பதால் அதை வெட்டாமல் மெஷின் நுழையாது. அனுமதி கேட்டபோது ஹவுஸ் ஓனர் சொன்னது: "வெட்டுன துண்ட பத்திரமா வெச்சிருங்க தம்பி. காலி பண்றப்போ வெல்டிங் வெச்சுக் குடுத்துடணும்." அது இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

மாட்டும்போது இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டில் வரிவரியாகக் காற்றுத் துவாரங்கள் இருக்கும். அவை முழுக்கச் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். 9 அங்குலச் சுவரில், துவாரங்கள் சுவரைத் தாண்டும் அளவுக்கு மெஷினை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். அழகுக்காக உள்ளே இழுத்தால் துவாரங்கள் செங்கலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கம்ப்ரஸர் சூடாகி நின்று நின்று ஓடும்.

இன்னொன்று சரிவு. பின்பக்கம் கால் முதல் அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்தால் குமிழி அறைப் பக்கமாக ஏறி நிற்கும். இதை விட்டால் தண்ணீர் மெத்தையில்தான் சொட்டும். பல மாடல்களில் பின்னால் தேங்கும் தண்ணீரை விசிறியின் விளிம்பில் உள்ள வளையம் அள்ளி, சூடான சுருள் மேல் இறைக்கும். அந்தச் சளசள சத்தத்தைக் கேட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். சுருளை ஆற்றுவதே அந்தத் தண்ணீர்தான்.

ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது என்பதும் முக்கியம். பக்கத்து வீட்டு அடுப்படிக்கு நேராக அனல் காற்றை ஊதினால் ஒரு வாரத்தில் பேச்சு வாங்குவீர்கள். ஸ்பிளிட்டின் வெளிப் பெட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டால் அந்த வம்பு இல்லை.

விண்டோ நிஜமாகவே தோற்பது இரைச்சலிலும் கரன்ட் பில்லிலும். கம்ப்ரஸர் உங்கள் தலைமாட்டில் ஓடுகிறது. தூக்கம் லேசானவர்கள் யோசியுங்கள். ஸ்டாரை எண்ணி ஏமாறவும் வேண்டாம், இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 2022 ஜூலையில் வந்த கணக்குப்படி விண்டோவுக்கு ஐஎஸ்இஇஆர் (இழுக்கும் கரன்ட்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று சொல்லும் எண்) 3.5 வந்தாலே 5 ஸ்டார் கிடைத்தது. ஸ்பிளிட்டுக்கு 5.0 வேண்டியிருந்தது, 3.8 என்றால் 3 ஸ்டார்தான். அதாவது 5 ஸ்டார் விண்டோவைவிட 3 ஸ்டார் ஸ்பிளிட் குறைவாகக் கரன்ட் இழுக்கலாம். லேபிளில் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

வயரிங்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 1.5 டன்னுக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி பற்றியும் கேட்கிறார்கள். ஒற்றைக் குழாய் மாடல் அறைக் காற்றையே வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிச் சூடு உள்ளே வரும். என் காசை அதில் போடமாட்டேன்.

இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுபவர்களுக்கு விண்டோதான் என்பேன். இரண்டு ஆள் வந்து இழுத்தால் வெளியே வந்துவிடும். ஸ்பிளிட்டைக் கழற்ற, கேஸை வெளிப் பெட்டிக்குள் இறக்கி, குழாயைச் சுருட்டி, புது வீட்டில் மறுபடி நுனி விரித்து, மறுபடி வேக்யூம் போட வேண்டும். சொந்த வீடு, தினமும் எட்டு மணி நேரம் ஓடும் என்றால் ஸ்பிளிட் போடுங்கள்.

இத்தனையும் சொல்கிற நான் ஆடியில் வீடு மாறுகிறேன். (ஆடியில் யாராவது மாறுவார்களா என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.) புது வீட்டில் எல்லாமே சறுக்குக் கண்ணாடி ஜன்னல், அதை வெட்ட ஓனர் விடமாட்டார், ஆக ஸ்பிளிட்தான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் கிரில் துண்டுக்கு வெல்டரிடம் சொல்லியாகிவிட்டது. ஏசி மாட்டுகிற அன்று, பம்ப் ஓடும் கால் மணி நேரமும் மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.